ஊமத்தைப் புகையும் உள்ளே கனன்ற நெருப்பும்

திருப்பெரும்பூதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், ஆலைகளின் நெடுஞ்சுவர்கள் முடிந்து ஏரிக்கரை தொடங்கும் இடங்களில் ஊமத்தைச் செடியைக் காணலாம். யாரும் விதைப்பதில்லை, ஆடு மாடுகள் வாய் வைப்பதில்லை. முள் நிறைந்த காயும் குழல் போன்ற பூவுமாய்க் குப்பைமேட்டில் தானே வளர்ந்து தானே மடியும் இச்செடியைப் பித்தேற்றும் நஞ்சென்று அஞ்சி ஒதுங்குவதே நம் மக்களின் வழக்கம். ஆயினும் இதே ஊமத்தையின் புகை 1802ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்தை அடைந்து, பின்னர் நூற்றைம்பது ஆண்டுக் காலம் மேலை நாட்டு மருத்துவத்தில் ஈளை நோய்க்குரிய மருந்தாக வீற்றிருந்தது. அந்த வரலாற்றில் ஒரு பெரும் நன்மையும் ஒரு பெரும் பிழையும் பின்னிக் கிடக்கின்றன. நன்மையை உலகம் விரைவில் பெற்றுக்கொண்டது. பிழையை உணர அதற்கு இரண்டு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. ஒரகடத்து ஆலைத் தொழிலாளி ஒருவர் இன்று மருந்துக் கடையில் நீலநிற இன்ஹேலர் ஒன்றை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார் என்றால், அப்பிழை இன்னும் தீரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னை மருத்துவத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். மருத்துவத்தைவிடச் செடிகொடிகளிலேயே நாட்டம் மிக்கவர் எனலாம். சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் ஒன்றை உண்டாக்கி, அதில் செஞ்சாயம் தரும் பூச்சியைப் பெருக்கிக் கும்பினியின் கருவூலத்தை நிரப்பலாம் என்று கனவு கண்டவர். லண்டனில் இருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு அதுபற்றிக் கடிதம் மேல் கடிதம் எழுதியவர். சாயக் கனவு பலிக்கவில்லை. ஆனால் இந்நாட்டில் வழங்கி வந்த ஒரு சிறு கைமருந்தை அவர் மதித்து ஏற்றுக்கொண்டது பலித்தது. ஊமத்தை வேரை நறுக்கி உலர்த்திப் புகைக்குழாயில் இட்டு இழுத்தால் மூச்சிரைப்பு அடங்கும் என்பதே அது. 1802இல் தாயகம் திரும்பிய ஜெனரல் ஜென்ட் என்ற படைத் தலைவர் அவ்வழக்கத்தை உடன் கொண்டு சென்று அங்குள்ள மருத்துவர்களுக்கு அறிமுகம் செய்தார். சென்னைச் செடி அங்கே எளிதிற் கிடைக்கவில்லை. அதன் உடன்பிறப்பான வேறோர் ஊமத்தை ஐரோப்பிய மண்ணிலேயே விளைந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். சிறிது காலத்தில் ஊமத்தை இலை அடைத்த ஈளைச் சுருட்டுகள் கடைதோறும் விற்பனைக்கு வந்தன. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் தம் வாழ்நாளெல்லாம் இத்தகைய சுருட்டுகளோடும் புகைப்பொடிகளோடும் போராடியவர். சுருட்டின் பெட்டியில் சென்னையின் பெயர் இல்லை. அது வேறு கதை.

புகைத்தவுடன் மூச்சு ஏன் திறந்தது? இந்த வினாவுக்கு விடை காண நூறாண்டுகள் ஆயின.

நம் உடலில் உள்ள கோடானுகோடிச் செல்களுக்கு வாயும் இல்லை, செவியும் இல்லை. ஆயினும் அவை ஒன்றோடொன்று இடையறாது பேசுகின்றன. ஒரு செல் விடுக்கும் செய்தி ஒரு வேதிப்பொருளாகவோ சிறு புரதமாகவோ புறப்படுகிறது. அதைப் பெறும் செல்லின் புறச்சவ்வில் அச்செய்திக்கென்றே அமைந்த ஏற்பிப் புரதம் ஒன்று வாயிற்காவலன்போல் நிற்கிறது. தூது அந்த ஏற்பியில் வந்து பொருந்தியதும் ஏற்பி உருமாறி உள்ளே இருக்கும் மற்றொரு புரதத்தைத் தட்டி எழுப்புகிறது. அது இன்னொன்றை எழுப்புகிறது. புறவாயிலில் வந்த ஓலை இவ்வாறு கைமாறிக் கைமாறி அரண்மனையின் உள்ளறை வரை போய்ச் சேர்கிறது. இச்சங்கிலியில் பணிபுரியும் புரதங்களையே அறிவியலார் சைகைப் புரதங்கள் என்கின்றனர். தூது இலக்கியம் கண்ட தமிழருக்கு இக்கருத்து விளங்காமற் போகாது.

1921இல் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் இரு தவளைகளின் இதயங்களைத் தனித்தனியே உப்புநீரில் துடிக்க விட்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு தளர்ந்தது. அந்த நீரை எடுத்து மற்ற இதயத்தின் மீது விட்டார், அதுவும் தளர்ந்தது! நரம்பு மின்னலால் மட்டுமன்றி, ஒரு பொருளைச் சுரந்தும் பேசுகிறது என்பது அன்று உறுதியாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கோலின். ஹென்றி டேலுடன் லோவிக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. மூச்சுக்குழலைச் சூழ்ந்துள்ள தசையிலும் இதே பொருள் வந்து ‘எம்-3’ என்னும் ஏற்பியில் அமர்கிறது. உடனே உள்ளிருக்கும் ‘ஜி’ புரதம் விழிக்கிறது, செல்லுக்குள் சேமித்து வைக்கப்பட்ட கால்சியம் வெளிப்படுகிறது, தசை சுருங்குகிறது, குழல் ஒடுங்குகிறது. ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் முதலிய நஞ்சுகள் செய்வது, அசிட்டைல்கோலின் அமர வேண்டிய அந்த இருக்கையில் தாம் முந்திச் சென்று அமர்ந்துகொள்வதே. தூது வந்தும் வாயில் திறவாது, தசை தளரும். ஆண்டர்சனின் நோயாளிகள் பெற்ற நிம்மதியின் மறைபொருள் இதுதான். அட்ரோப்பினைத் திருத்தி, உடலெங்கும் பரவிக் கேடு செய்யாதபடி அமைத்த ஐப்ராட்ரோப்பியம் 1970களில் மருந்தாக வந்தது. மூச்சுத் திணறி வருவோருக்கு மருத்துவமனையில் புகைபோல் செலுத்தப்படும் மருந்துகளில் அது இன்றும் ஒன்று. குப்பைமேட்டுச் செடியின் பேரன் என்று அதைச் சொல்லலாம். இதைப் படித்துவிட்டு எவரும் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டா. மருந்துக்கும் மரணத்துக்கும் இடையே அச்செடி விடும் இடைவெளி மிகக் குறுகியது.

இவ்வளவும் நன்மை. இனிப் பிழைக்கு வருவோம்.

புகை தசையைத் தளர்த்தியது, நோய் தணிந்தது. ஆகவே நோயே தசையின் இறுக்கந்தான் என்று மருத்துவ உலகம் முடிவு கட்டியது. ஈளை பற்றி 1860இல் புகழ்பெற்ற நூல் ஒன்றை எழுதிய ஹென்றி ஹைட் ஸால்ட்டர் தாமே ஈளை நோயாளி. பூனையின் அருகே சென்றால் தமக்கு இரைப்பு வருவதைக்கூட நுட்பமாகக் குறித்து வைத்தவர். அத்தகையவரும் இதை நரம்பின் கோளாறாகவே கண்டார். 1892இல் வில்லியம் ஆஸ்லர் தம் பாடநூலில், சிறு மூச்சுக்குழல்களில் ஏற்படும் ஒருவகை அழற்சியாக இது இருக்கலாம் என்று கூறப்படுவதையும் எடுத்தெழுதினார். அச்சொல் நூலிலேயே உறங்கிற்று. நரம்புக் கோளாறு மனக் கோளாறாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஈளைக் குழந்தையின் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய மருத்துவர்கள் உண்டு.

குழலைத் திறக்கும் மருந்துகள் மேன்மேலும் வலிமை பெற்றன. கைக்கு அடக்கமான குப்பியில் அடைத்து வாயில் பீய்ச்சும் ஐசோப்ரினலின் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பரவியபோது, ஈளையால் இறப்போர் தொகை குறைவதற்கு மாறாகத் திடீரென உயர்ந்தது. இளைஞர்களே மிகுதியாக மாண்டனர். 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் ஃபெனோட்டெரால் என்ற மருந்தோடு அதே துயரம் மீண்டும் நேர்ந்தது. மருந்தின் அளவும் வலிமையும் காரணமா, அது தந்த பொய்யான நிம்மதியால் நோயாளிகள் மருத்துவமனைக்குப் போகத் தாமதித்தது காரணமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். இரண்டும் சேர்ந்தே கொன்றன என்பது எம் கருத்து. கதவை எவ்வளவுதான் அகலத் திறந்து வைத்தாலும், வீட்டுக்குள் எரியும் தீ அணையுமா?

தீ உண்டு என்பதற்கான அடையாளங்கள் பழமையானவை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அறிஞர் அபூ ஜைத் அல்-பல்கீக்கு ஒவ்வோர் இளவேனிலிலும் ரோஜா மலரை முகர்ந்தால் மூக்கில் நீர் வடியத் தொடங்கும். அதன் காரணத்தை ஆராய்ந்து மருத்துவ மேதை அர்-ராஸி தனியே ஒரு சிறு நூல் எழுதினார். ஊறு செய்யாத ஒரு பொருள் ஒருவருக்கு மட்டும் ஏன் பகையாகிறது என்ற வினா அந்நூலில் தெளிவாக நிற்கிறது. அரபு மருத்துவர்கள் ஈளையை ‘ரப்வ்’ என்றனர். இப்னு ஸீனாவும் தம் ‘கானூ’னில் அதை ஆராய்ந்துள்ளார். கெய்ரோவில் ஸலாஹுத்தீன் அய்யூபியின் அவை மருத்துவர்களோடு விளங்கிய மூஸா இப்னு மைமூன், உயர்குடியைச் சேர்ந்த ஈளை நோயாளி ஒருவருக்காகவே பதின்மூன்று இயல்களில் அரபு மொழியில் நூல் யாத்தார். உணவு, உறக்கம், காற்று ஆகிய மூன்றையும் பற்றி அவர் விரித்துரைத்ததைப் படித்தால், இன்றைய மருத்துவர் சொல்வதற்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை.

பகைமையின் இருப்பிடத்தை முதலில் காட்டியது 1921இல் ஜெர்மானிய நகரான பிரெஸ்லாவில் நிகழ்ந்த சோதனை. ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய இரத்தத்தின் தெளிநீரைக் கார்ல் பிராஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது, மீனை ஒருநாளும் வெறுக்காத அவரது தோல் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமை மனத்தில் இல்லை. இரத்தத்தில் இருக்கிறது, அதுவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றத்தக்க ஒரு பொருளாக இருக்கிறது என்பது தெளிவாயிற்று. அப்பொருளைப் பிடிக்க மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே, தெருகோ இஷிசாகா இருவரும் அதைப் பிரித்தறிந்தனர். சுவீடனில் யொஹான்சன், பென்னிக் ஆகியோர் வேறு வழியில் அதே பொருளை அடைந்தனர். 1968இல் அதற்கு ‘ஐஜி-ஈ’ என்று பெயரிடப்பட்டது.

ஆனால் ஐஜி-ஈயும் வெறும் ஏவலாளே. ஏவியது யார்?

தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியை எடுத்துக்கொள்வோம். வீட்டுத் தூசியில் ஒவ்வாமை தருவது அதுவே என்று 1964இல் நெதர்லாந்தில் வூர்ஹார்ஸ்ட் குழுவினர் கண்டனர். ஈரக்காற்று மிகுந்த நம் கடற்கரை மாவட்டங்கள் அதற்கு வாழ்வளிக்கும் நிலம். அதன் கழிவில் உள்ள ஒரு புரதம் புரதங்களை அறுக்கும் நொதியாகும். மூச்சுக்குழலின் உட்தோலில் செல்லும் செல்லும் கைகோத்து நிற்கும் பிணைப்பை அது அறுக்கிறது. காயமுற்ற உட்தோல் அபாயச் சங்கு ஊதுகிறது. ‘டிஎஸ்எல்பி’, ‘இன்டர்லூகின்-33’ முதலிய தூதுப் புரதங்களே அச்சங்கொலி. நிணநீர்க் கணுவில் இருக்கும் டி-வகை வெள்ளணுக்களில் ஒரு பிரிவு அதனால் எழுச்சி பெறுகிறது. இவ்வணுக்களில் இரு வேறு படைகள் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனித் தூதுகளையே விடுக்கின்றது என்பதை 1986இல் மோஸ்மேனும் காஃப்மனும் எலிகளின் அணுக்களில் கண்டறிந்தனர். ஈளையில் கிளர்ந்தெழுவது இரண்டாம் படை. அது மூன்று ஓலைகளை விடுக்கிறது. இன்டர்லூகின்-4 சென்று ஐஜி-ஈயைச் செய்யுமாறு பி-வகை அணுக்களைப் பணிக்கிறது. இன்டர்லூகின்-5 எலும்பு மச்சையிலிருந்து இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் திரட்டி வருகிறது. இன்டர்லூகின்-13 குழலின் உட்புறத்தில் கோழையைப் பெருக்கித் தசையை முரடாக்குகிறது.

ஓலை செல்லுக்குள் எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதே இந்த ஆராய்ச்சியின் அழகிய பகுதி. நான்காம், பதின்மூன்றாம் ஓலைகளுக்கு ஏற்பியின் ஒரு பகுதி பொதுவானது. தூது பொருந்தியதும் ஏற்பியின் உள்முனையில் இருக்கும் ‘ஜாக்’ நொதிகள் ‘ஸ்டாட்-6’ என்ற புரதத்தின்மேல் பாஸ்பேட் முத்திரை குத்துகின்றன. முத்திரை பெற்ற ஸ்டாட்-6 புரதங்கள் இரண்டிரண்டாக இணைந்து உட்கருவுக்குள் நுழைந்து, மரபணுச் சுவடியில் உரிய ஏட்டைத் திறக்கின்றன. வேறொரு பாதையில் ‘என்.எஃப்.-கப்பா-பி’ என்ற புரதம் அழற்சி மரபணுக்கள் பலவற்றை ஒருசேர எழுப்புகிறது. 1986இல் அதைக் கண்டறிந்த இருவருள் ஒருவர் டேவிட் பால்ட்டிமோர். மற்றவர் ரஞ்சன் சென். நம் பாடநூல்கள் முன்னவரை மட்டுமே நினைவில் வைப்பது ஏனோ!

உடல் தீயை மட்டும் வைத்துவிட்டு வாளாவிருப்பதில்லை, அணைப்பானையும் வைத்திருக்கிறது. ஜாக் நொதிகளின் கையைப் பிடித்து நிறுத்தும் புரதங்கள் செல்லுக்குள்ளேயே உண்டு. படைகளை அடக்கும் ஒழுங்குறுத்தும் டி-அணுக்களை 1995இல் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அவ்வாராய்ச்சிக்காக அவருக்கும் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈளை நோயாளியிடம் தீ மிகுந்திருக்கிறதா, அணைப்பான் தளர்ந்திருக்கிறதா? பலரிடம் இரண்டுமே.

இவ்வறிவு மருந்தாகவும் ஆயிற்று. ஐஜி-ஈயைப் பிடிக்கும் ஒமலிசுமாப் 2003லும், இன்டர்லூகின்-5ஐப் பிடிக்கும் மெபோலிசுமாப் 2015லும், நான்கு, பதின்மூன்று இரண்டின் பொது வாயிலை அடைக்கும் டுபிலுமாப் 2018லும், சங்கொலியையே நிறுத்தும் டெசெபெலுமாப் 2021லும் அமெரிக்காவில் ஈளைக்கென ஒப்புதல் பெற்றன. ஆலைத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் இவற்றைப் பற்றி எண்ணவும் இயலாது. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு மருந்து, எளிய விலையில், 1972 முதலே இருக்கிறது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைத்தான் சொல்கிறோம். அது செல்லுக்குள் புகுந்து தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குச் சென்று, என்.எஃப்.-கப்பா-பி திறந்து வைத்த ஏடுகளை மூடுகிறது. ஒரே மருந்து பல ஓலைகளை ஒருங்கே நிறுத்துகிறது. இழுத்தவுடன் நிம்மதி தருவதில்லை. நாள்தோறும் இழுத்தால்தான் பலன். நம் மக்கள் அதை விலக்குவதற்கு அதுவே காரணம். உடனே மூச்சைத் திறக்கும் நீலக் குப்பியையே உண்மையான மருந்தென்று நம்புகின்றனர். அக்குப்பியில் உள்ள சால்பியூட்டமால் தசையில் உள்ள பீட்டா-2 ஏற்பியைத் தட்டி அதைத் தளர்த்துகிறதேயன்றி, தீயின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அடிக்கடி தட்டினால் ஏற்பிகளும் சோர்ந்து எண்ணிக்கையில் குறைகின்றன. உலக ஈளை வழிகாட்டுக் குழு 2019இல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் இம்மருந்தைத் தனியே கொடுத்தல் கூடாது என்று அறிவித்தது. ஆண்டர்சனின் புகைக்குழாயிலிருந்து அந்த அறிவிப்பு வரை 217 ஆண்டுகள்.

இனித் திருப்பெரும்பூதூருக்குத் திரும்புவோம். இராமானுசர் பிறந்த ஊர் என்றும் ஏரிப்பாசனத்து நெல்வயல்கள் சூழ்ந்த நாடு என்றும் பெயர் பெற்றிருந்த இப்பகுதி, 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து வேறு முகம் கொண்டது. ஒரகடத்தில் 2010 முதல் கார்களும், பின்னர் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகத் தொடங்கின. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. எந்த ஆலையையும் சுட்டி நாம் எதுவும் சொல்லவில்லை; உலகெங்கும் இத்தொழிலுக்கே உரிய ஓர் இடரைத்தான் சொல்கிறோம். காருக்குக் கண்ணாடி போன்ற பளபளப்பைத் தரும் மேற்பூச்சில், கெட்டிப்படுத்துவதற்காகக் கலக்கப்படும் பொருளில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. இருக்கைகளின் நுரைமெத்தையும் அவற்றைக் கொண்டே செய்யப்படுகிறது. பெரிய ஆலையில் எந்திரக் கைகள் மூடிய அறையில் பூசுகின்றன. சாலையோரப் பட்டறையில் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓர் இளைஞர் பூச்சுத் துப்பாக்கியைப் பிடிக்கிறார்.

ஐசோசயனேட்டால் ஈளை வரும் என்பது 1951லேயே பிரான்சில் எழுதப்பட்டது. இது உண்ணியின் புரதம்போல் பெரிய மூலக்கூறு அன்று, மிகச் சிறியது. உட்தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை அந்நியமாக்கிவிடுகிறது. மாதங்களோ ஆண்டுகளோ எதுவும் நேராது. பிறகொரு நாள் உடல் அதை அடையாளம் கண்டுவிடும். அன்று முதல் மிகச் சிறிய அளவும் போதும். வியப்பு யாதெனில், இந்நோயாளிகளுள் சிறுபகுதியினரிடமே இதற்குரிய ஐஜி-ஈ காணப்படுகிறது. வேறெந்தத் தூது இங்கே பேசுகிறது என்ற ஆராய்ச்சி முடிவு பெறவில்லை. ஆகவே இரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று அனுப்பிவிட இயலாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்கள் பட்டியலில் ஐசோசயனேட் நஞ்சேற்றம் இடம்பெற்றது. அதே ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் தொழில்வழி ஈளையும் இடம்பெற்றது. பட்டியலில் இருப்பது வேறு. நோயாளியின் சீட்டில் எழுதப்படுவது வேறு. ஒப்பந்தத் தொழிலாளி இரவில் இருமத் தொடங்குகிறார். இரவு நேரத்தில் பட்டறை இல்லை, ஆகவே பட்டறை மீது ஐயம் எழுவதில்லை. பனி என்கிறார்கள், குளிர்நீர் என்கிறார்கள். நீலக் குப்பி கிடைக்கிறது, மூச்சு திறக்கிறது, ஆகவே அவர் மறுநாளும் அதே துப்பாக்கியைப் பிடிக்கிறார். திறந்த குழல் வழியே நஞ்சு மேலும் ஆழமாகச் செல்கிறது. இதில்தான் பழைய பிழையின் முழுக் கொடுமையும் இருக்கிறது. நோய் தொடங்கிய சில மாதங்களில் அப்பணியிலிருந்து விலகுவோர் குணமடையும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தோர் பலருக்கு வேலையை விட்ட பின்னும் ஈளை விடுவதில்லை. ஒருநாள் அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார். அவருடைய இடத்தில் வேறோர் இளைஞர் வருவார். எந்த ஏட்டிலும் கணக்கு இராது.

தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, நோயாளியிடம் கேட்கும் வினாக்களோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். அதனோடு இன்னொன்றையும் திருப்பெரும்பூதூர் மருத்துவர் கேட்கலாம்: வார விடுமுறையில் மூச்சு எப்படி இருக்கிறது? ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கியபோது எப்படி இருந்தது? மூச்சின் வேகத்தை அளக்கும் சிறு குழாய்க் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்சாரம் வேண்டா, ஆய்வகம் வேண்டா. நாளொன்றுக்கு நான்கு முறை ஊதி, நான்கு வாரங்கள் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வந்தால் போதும். வேலை நாட்களில் தாழ்ந்தும் விடுமுறை நாட்களில் உயர்ந்தும் அந்தக் கோடு செல்லுமானால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் மருத்துவரிடம் மட்டுமல்ல, காப்பீட்டு அலுவலகத்துக்கும் போகலாம்.